நடுவில் இரண்டு பேர்

தம்பி,

நீ ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகப் பெட்டி கட்டுவதை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேரில் பேச ஆரம்பித்தால் பாதியில் நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். வலது கண் ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது, எழுதலாம் படிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கண் இன்னும் பழையதுதான். எழுதும்போது இடையிடையே ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் இந்தத் தாளைப் பார்க்கிறேன். வலது கண்ணுக்கு இது வெள்ளைத் தாள். இடது கண்ணுக்கு யாரோ டீயைக் கொட்டித் துடைத்த தாள். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இப்படி ஒரு விளையாட்டு கிடைத்திருக்கிறது. அடுப்படியில், பஸ்ஸில், கடையில், எங்கே நின்றாலும் ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். என் தலையில் ஏதோ கோளாறு என்று உன் அப்பா நினைக்கிறார்.

போன ஒரு வருஷத்தில் நம் இரண்டு பேருக்கும் இடையே நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. உனக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்ளாதே. நாளைக்கு உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளும் இதைப் படிக்கலாம், அவளுக்கும் புரிய வேண்டும் அல்லவா? தி. நகரில் ரங்கநாதன் தெரு நெரிசலிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு மாடிப்படிக்கு அடியில் நம் மேட்சிங் சென்டர். விருதுநகர் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அங்கேதான் இருக்கிறேன். பெண்கள் சேலையைக் கொண்டுவருவார்கள், நாங்கள் அதற்குப் பொருந்துகிற ரவிக்கைத் துணியை எடுத்துக் கொடுப்போம். உன் அப்பா கொள்முதலுக்கு ஈரோடு, சூரத் என்று சுற்றிக்கொண்டே இருப்பார். கடையில் நானும் செல்வியும்தான். செல்வி பதினாலு வருஷமாக என்னோடு இருக்கிறாள். அடையாற்றங்கரையில் இருந்த அவள் வீட்டை அரசாங்கம் எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே குடியமர்த்திய பிறகும், இரண்டு பஸ் மாறி காலை பத்து மணிக்கெல்லாம் வந்து ஷட்டரைத் தூக்குகிறவள் அவள்தான்.

நீ மேல்படிப்பு முடித்து, ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ஆபீஸில் சேர்ந்திருந்தாய், எப்போதாவது ஒரு சாயங்காலம் கடைக்கு எட்டிப் பார்ப்பாய். முகூர்த்த மாதக் கூட்டத்தில் ஒரே சேலைக்கு நான் எட்டுச் சுருள் துணியைப் பிரித்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நீ, ஒருநாள் கேட்டாய்: "அம்மா, நீ பார்க்கிறதைக் கம்ப்யூட்டர்ல ஒரு நியூரல் நெட்வொர்க்குக்குப் பழக்கிடலாமா?" எனக்கு என்ன தெரியும்? நாய்க்குட்டியைப் பழக்குவது போல ஏதோ என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன். நீ சேலைகளையும் துணிகளையும் போட்டோ எடுத்தாய். ஒவ்வொரு ஜோடிக்கும் பொருந்தும், பொருந்தாது என்று நான் சொன்னேன். ஆயிரத்துக்கும் மேல் ஜோடிகள். இரண்டு மாதம் அதற்கே போயிற்று.

அவசரத்தில் நீ முதலில் செய்த நெட்வொர்க் எதற்கும் உதவவில்லை. பத்துக்கு ஐந்து சரி, ஐந்து தப்பு. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வரும். நான் வழக்கம்போல என் மருந்தைச் சொன்னேன்: "இன்னும் ஆயிரம் ஜோடி காட்டுடா, படியும்." நீ தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாய். "அம்மா, லட்சம் ஜோடி காட்டினாலும் இது கத்துக்காது. இதோட அமைப்புக்குள்ள அந்த விஷயம் அடங்கவே அடங்காது. முதல் வருஷப் பாடம் இது, அதையே கோட்டை விட்டுட்டேன்."

அது எப்படி அடங்காமல் போகும்? நிறையப் பழக்கினால் எதுவும் வரும் என்றுதானே நான் இத்தனை வயது வரை நம்பியிருந்தேன். நான் விடவில்லை. நீ மேஜை மேல் நாலு துண்டு வைத்தாய்: ஒரு சிவப்புச் சேலை, ஒரு பச்சைச் சேலை, ஒரு சிவப்பு ரவிக்கை, ஒரு பச்சை ரவிக்கை. பொத்தான் டப்பாவை என் பக்கம் தள்ளினாய். "இந்த நெட்வொர்க்குக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்மா. ஒவ்வொரு துண்டுக்கும் இத்தனை பொத்தான்னு வெச்சுக்கும். சேலையோட பொத்தானையும் ரவிக்கையோட பொத்தானையும் கூட்டும். ஒரு அளவைத் தாண்டினா பொருந்தும், தாண்டலைன்னா பொருந்தாது. நீயே பொத்தானை வெச்சுப் பாரு. எப்படி வெச்சா சரியா வரும்?"

வைத்துப் பார்த்தேன். சிவப்புச் சேலைக்கு மூன்று, பச்சைச் சேலைக்கு ஒன்று, சிவப்பு ரவிக்கைக்கு இரண்டு, பச்சை ரவிக்கைக்கு நாலு. பொருந்துகிற ஜோடி இரண்டுக்கும் ஐந்து ஐந்து வந்தது. நன்றாக இருக்கிறதே என்று நினைத்தால், சிவப்புச் சேலையும் பச்சை ரவிக்கையும் ஏழுக்குப் போய்விட்டது. எடுத்து மாற்றினேன். சிவப்பு இரண்டுக்கும் ஐந்தைந்து, பச்சைக்கு ஒன்றுமில்லை. இப்போது சிவப்போடு சிவப்பு பத்து, பச்சையோடு பச்சை பூஜ்யம், பொருந்தாத இரண்டும் ஐந்தைந்து. செல்வி வாடிக்கையாளரைப் பார்த்துக்கொள்ள, நான் ஒரு மணி நேரம் பொத்தானை அள்ளி அள்ளி வைத்தேன். பிறகு சட்டென்று ஒன்று கண்ணில் பட்டது. நான் எப்படி வைத்தாலும், பொருந்துகிற இரண்டு ஜோடியின் மொத்தமும் பொருந்தாத இரண்டு ஜோடியின் மொத்தமும் ஒன்றாகவே இருந்தது. அதே நாலு துண்டு, அதே பொத்தான், வேறு எப்படி வரும்? மொத்தம் சமமாக இருக்கும்போது பொருந்துகிற இரண்டும் அந்த அளவுக்கு மேலேயும் பொருந்தாத இரண்டும் கீழேயும் எப்படி நிற்கும்? "நடக்கவே நடக்காதுடா!" என்று நான் கத்தியதில், சேலை காட்டிக்கொண்டிருந்த அம்மாள் பயந்து திரும்பினார். நீ என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நீ பரிசு வாங்கியபோது நான் உன்னை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் என்று நீ கேட்டாய், வெயில் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் உன் இடது கைதான் நினைவுக்கு வந்தது. யுகேஜியில் நீ இடது கையால்தான் பென்சில் பிடித்தாய். நான் அந்தக் கையில் கைக்குட்டையைச் சுற்றி முடிச்சுப் போட்டு, வலது கையில் பென்சிலைத் திணித்தேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது. பத்துத் தடவை எழுது என்றேன். பிறகு இருபது தடவை. ஆதம்பாக்கம் வீட்டு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து அழுதுகொண்டே எழுதுவாய். மூன்றாம் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "குழந்தை எந்தக் கையில எழுதினா உங்களுக்கு என்னங்க?" என்று கேட்ட பிறகுதான் விட்டேன். அது வேறு, இது வேறு, கையையும் நெட்வொர்க்கையும் ஒப்பிடாதே என்று நீ சொல்வாய். சரிதான். வலது கையாலும் நீ ஒருநாள் எழுதியிருப்பாய். ஆனால் ஒன்று வரவில்லை என்றால் உழைப்பு போதவில்லை என்று மட்டுமே யோசிக்கத் தெரிந்தவளாக நான் இருந்தேன். அதற்காக உன்னிடம் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

மறுநாள் நீ வருவதற்கு முன்பே நான் கேள்விகளோடு காத்திருந்தேன். நீ சேலைக்கும் தீர்ப்புக்கும் நடுவில் ஆட்களை உட்கார வைத்தாய். நடு அடுக்கு என்றாய். ஒருவர் சிவப்புச் சேலையும் சிவப்பு ரவிக்கையும் சேர்ந்து வந்தால் மட்டும் கையைத் தூக்குவார், இன்னொருவர் இரண்டும் பச்சை என்றால் தூக்குவார். கடைசியில் இருப்பவர் துணியைப் பார்ப்பதே இல்லை, யார் கை தூக்கியிருக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பார். பொத்தானை வைத்துப் பார்த்தேன், நாலும் சரியாக வந்தது. "நடுவில் இருக்கிறவங்க கையைத் தூக்காம, எண்ணிக்கையை அப்படியே பின்னால தள்ளிவிட்டா?" என்று கேட்டேன். "அப்போ நூறு அடுக்கு வெச்சாலும் அது பழைய ஒரே அடுக்குதான்மா. கூட்டினதையே திரும்பக் கூட்டுறோம். நடுவுல யாராவது ஒரு இடத்துல 'இதுக்குக் கீழ இருந்தா நான் பேச மாட்டேன்'னு நிக்கணும்." அதையும் பொத்தானில் சரிபார்த்துக்கொண்டுதான் ஒப்புக்கொண்டேன். எதையும் சும்மா நம்புகிற வயதைத் தாண்டிவிட்டேன்.

ஆனால் நம் கடையில் இரண்டு நிறமா இருக்கிறது? சிவப்பு என்றாலே தக்காளி, அரக்கு, மெரூன், ராணி என்று அலமாரி முழுக்க நிற்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவில் ஒரு ஆள் என்று நீ சேர்த்துக்கொண்டே போனாய். புதிதாக ஒரு நிறம் வந்தால் அது விழித்தது. ஒருநாள் நீ சலித்துப்போய், "நீ எப்படிம்மா பண்றே? இத்தனை கலரையும் மனப்பாடமா வெச்சிருக்கே?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது. "மனப்பாடமா? துணியைச் சேலை மேல போடுவேன். சேலை நிறம் தூக்கலாத் தெரியுதா, துணி நிறம் தூக்கலாத் தெரியுதான்னு பார்ப்பேன். ரெண்டும் இல்லைன்னா வெட்டச் சொல்லிடுவேன்."

 நீ அளவு டேப்பைத் தள்ளிவிட்டு மேஜை மேலேயே பென்சிலால் கிறுக்க ஆரம்பித்தாய். சிவப்புக்கு இரண்டே ஆள். சேலையில் சிவப்பு அதிகமாக இருந்தால் ஒருவர் கத்துவார், துணியில் அதிகமாக இருந்தால் இன்னொருவர் கத்துவார். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பொருந்துகிறது. பச்சைக்கு இரண்டு பேர், நீலத்துக்கு இரண்டு பேர். எல்லா நிறமும் இந்த மூன்றுக்குள் அடக்கம் என்றாய். இதற்கு முன் பார்க்காத நிறம் வந்தாலும் அதே ஆறு பேர் போதும். "அம்மா, நான் நூத்துக்கணக்குல ஆளுங்களை உட்கார வெச்சேன். நீ ஆறு பேர்ல முடிச்சிட்டே" என்று செல்விக்கும் அந்தக் கிறுக்கலைக் காட்டிக் காட்டிச் சொன்னாய். "யக்கா இத்தினி நாளா சும்மாவா கீது? அது தலையே கம்ப்யூட்டருப்பா" என்றாள் அவள். ஆட்கள் எத்தனை பேர் என்பதைவிட அவர்கள் எங்கே உட்கார்ந்து எதைப் பார்க்கிறார்கள் என்பது பெரிய விஷயம் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. உனக்கும் அன்றைக்குத்தான் இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளத் தோன்றியது என்று பிறகு ஒருநாள் சொன்னாய்.

புது நெட்வொர்க் என் பதிலோடு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஒத்துப்போயிற்று. போனில் போட்டுக் கடையில் வைத்தோம். பத்து நாள் கழித்து மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்தார், மகள் நிச்சயதார்த்தத்துக்குத் துணி எடுத்துப் போனவர். மேஜையில் சேலையையும் தைத்த ரவிக்கையையும் போட்டார். "மேட்ச்சுன்னு சொல்லிக் குடுத்தேளே. ஆத்துல போய் வெளிச்சத்துல பார்த்தா புடவை நேவி ப்ளூ, இது சுத்தக் கறுப்பு. பொண்ணு அழறா." அந்தப் போனில் இரண்டையும் காட்டினேன். அதுவும் பொருந்தும் என்றது. நீ மாமியிடம் மன்னிப்புக் கேட்டு, தப்பு மெஷினில்தான், சரி செய்துவிடுகிறேன் என்றாய். நான் உன் பக்கத்தில் நின்றுகொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த மூன்று வாரம் நீ அந்த அமைப்போடு போராடினாய். நீலத்துக்கு ஆள் போதவில்லையோ என்று கூட்டினாய். அடுக்கு போதவில்லையோ என்று இன்னொன்று சேர்த்தாய். நாம் நினைத்தது தப்பு, இது இதற்குள் அடங்காத விஷயம் போலிருக்கிறது என்று முகம் வாடிப் போனாய். எனக்கோ பதில் தெரியும். தெரியும் என்று சொன்னால்கூடப் போதாது, ஒன்றரை வருஷமாகத் தெரியும். கருநீலமும் கறுப்பும் எனக்கு ஒன்றாகி வெகுநாள் ஆகியிருந்தது. "செல்வி, அந்த நேவியை எடு" என்று அவளை எடுக்கவிட்டு, அவள் எடுப்பதை நீலம் என்று நம்பி வெட்டிக்கொண்டிருந்தேன். போட்டோ ஜோடிகளுக்குப் பதில் சொன்னபோதும், மாமிக்குத் துணி எடுத்த அன்றும் செல்வி பக்கத்தில் இல்லை.

செல்விதான் ஒருநாள் மத்தியானம், டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே ஆரம்பித்தாள். "இன்னாக்கா, புள்ள தெனம் வந்து மண்டைய ஒடிச்சிகினு கீது, நீ பாத்துகினு சும்மா கீறியே? மிசினு கண்ணு நல்லாத்தான் கீது. உன் கண்ணுதான் சரியில்ல. உனக்கும் தெர்யும், எனக்கும் தெர்யும்."

"சும்மா இரு, செல்வி. கலர் தெரியாதவளுக்கு மேட்சிங் சென்டர்ல என்ன வேலைன்னு கேட்பாங்க."

"யாரு கேப்பாங்க? நானா? உன் புள்ளையா?"

நான் டப்பாவை வாங்கித் துடைத்து வைத்தேன். அவளும் உன்னிடம் சொல்லவில்லை. ஆனால் நீ அதற்குள் வேறு வழியில் வந்துகொண்டிருந்தாய். ஒன்று கற்றுக்கொள்ளவில்லை என்றால் அதன் அமைப்பு போதவில்லையா, இல்லை கற்றுக்கொடுத்ததில் பிழையா என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது என்றாய். கொஞ்சமே கொஞ்சம் ஜோடியைக் கொடுத்து, அதையாவது முழுசாகப் பிடிக்கிறதா என்று பார்ப்பது. அந்த முதல் நெட்வொர்க்கால் நாலு துண்டைக்கூடப் பிடிக்க முடியவில்லை, அதனால் குற்றம் அமைப்பில். நீ கருநீலத்திலும் கறுப்பிலும் முப்பது ஜோடி எடுத்து செல்வியிடம் பதில் வாங்கி, புதிதாகச் சேர்த்த ஆட்களை எடுத்துவிட்டு, பழைய ஆறு பேரிடம் கொடுத்தாய். முப்பதும் சரி. அப்படியென்றால் நீலத்தை அந்த அமைப்பால் பிடிக்க முடியும். பிடிக்காதே என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

நீ என் எதிரில் வந்து இரண்டு துணியை வைத்தாய். "அம்மா, இதுல எது நீலம்?" நான் கையை ஓட்டினேன். ஒன்று மெல்லிய டூ பை டூ ரூபியாத் துணி, இன்னொன்று கொஞ்சம் முரட்டுப் பாப்ளின். அந்தப் பாப்ளினில் நாம் கறுப்பு மட்டும்தான் வாங்குவோம். "இதுதான்" என்று ரூபியாவைத் தொட்டேன். சரி. நீ என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாய். உள்ளே போய் வேறு இரண்டு எடுத்துவந்தாய். இரண்டும் ரூபியா, இரண்டும் ஒரே மில். தடவிக்கொண்டே இருந்தேன். துணி எதுவும் சொல்லவில்லை.

"எத்தனை நாளாம்மா?"

"ஒன்றரை வருஷம்."

"மூணு வாரமா நான் ஆள் மேல ஆள் சேர்த்துக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." நீ கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னாய். பிறகு என்ன நினைத்தாயோ, சிரித்துவிட்டாய். "பாரும்மா, அது தப்பே பண்ணலை. நீ எப்படிப் பார்க்கிறியோ அப்படியே பார்த்திருக்கு. என் நெட்வொர்க்குக்குள்ள உன் கண்ணு இருந்திருக்கு, புரையோட." மறுநாள் காலையிலேயே கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாய். கட்டுப் பிரித்த அன்று சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போனாய். இடது கண்ணால் பார்த்தால் பழுப்புக் கடல், வலது கண்ணால் பார்த்தால் நீலம். நான் மாறி மாறி மூடித் திறந்துகொண்டு நிற்க, சுண்டல்காரர் எனக்குக் கண்ணில் மண் விழுந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

செல்வி இப்போது பதில் சொல்கிறவளின் நாற்காலியில் இருக்கிறாள். மறுபடி ஆயிரம் ஜோடிக்கும் அவள்தான் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். இருநூறுக்கு மேல் மாறியது. அமைப்பில் நீ ஒரு ஆளைக்கூட மாற்றவில்லை. மயிலாப்பூர் மாமிக்கு வேறு ரவிக்கை தைத்துக் கொடுத்தோம், நிச்சயதார்த்தப் போட்டோவும் அனுப்பினார்.

எந்த அமைப்புக்குள் எது அடங்கும், எது அடங்காது என்பதையே படிக்கப் போகிறாய். அது முழுசாக யாருக்கும் தெரியாது என்றும் சொன்னாய், அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே ஏதாவது கற்றுக்கொள்ள மறுத்தால் அமைப்பைப் பார், அதோடு சொல்லிக்கொடுத்தவரையும் போய்ப் பார். அவர் பயந்துபோய் எதையாவது மறைத்துக்கொண்டிருக்கலாம். அவரிடம் கத்தாதே, நீ என்னிடம் கேட்ட மாதிரியே கேள்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. கண்ணைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்டபோது, கடையில் மரியாதை போய்விடும் என்று பயந்தேன் என்றேன். அது பாதிதான். கல்லூரிக்குப் போன பிறகு நீ என் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்த நெட்வொர்க் வந்த பிறகுதான் தினமும் வந்தாய், என்னிடம் கேட்டாய், நான் கேட்டதற்குப் பதில் சொன்னாய். அது தப்பாகச் சொன்ன ஒவ்வொரு சாயங்காலமும், வெளியில் அச்சச்சோ என்றாலும், நாளைக்கும் என் பிள்ளை வருவான் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அந்த மூன்று வாரமும் என் வாயை அடைத்தது அதுதான்.

இப்போது அது எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறது. போய் வா.

அம்மா